முகவரிப் பட்டியலால் மானியம் வராது

“பணம் கொட்டிக் கிடக்கு சார், எங்க கிடக்குன்னுதான் நமக்குத் தெரியல.” திருச்சியில் தொண்டு நிறுவனம் நடத்தும் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. ஓட்டல் அரங்கில் நடக்கும் ஒருநாள் பயிற்சிகள், ‘டோனர் லிஸ்ட்’ என்று விலைக்கு விற்கும் கோப்புகள், கமிஷன் பேசி ப்ரபோசல் எழுதித் தரும் ஆலோசகர்கள் எல்லாம் இந்த நம்பிக்கையை வைத்துத்தான் ஓடுகின்றன. நம்பிக்கை தவறு. ஏற்கனவே மூச்சு வாங்கும் சிறு அமைப்புகளின் நேரத்தையும் கைப்பணத்தையும் அது தின்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கருத்தை அதன் ஆதரவாளர்கள் சொல்கிறபடியே முதலில் வைக்கிறேன். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு பெரிய கம்பெனிகளை லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. 2022-23இல் மட்டும் அது ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய். டாட்டா அறக்கட்டளைகள், அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை, வெளிநாட்டு நிதியங்கள், நபார்டு, மத்திய மாநில அரசுத் துறைகள் எல்லாம் இதற்கு மேல். இதில் பெரும் பகுதி சென்னைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் போகிறது. அங்கே இருப்பவர்களுக்கு ஆங்கிலம் வரும். அறிவிப்பு வந்த அன்றே காதில் விழும். மணப்பாறையிலும் துறையூரிலும் இருப்பவருக்குக் கடைசித் தேதி கடந்த பிறகுதான் தெரிகிறது. ஆகவே பட்டியலைக் கையில் கொடு, எழுதக் கற்றுக்கொடு, நூறு இடத்துக்கு அனுப்பச் சொல், பத்து இடத்திலாவது கதவு திறக்கும்.

இதில் உண்மை இருக்கிறது. தகவல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. ஆங்கிலம் பெரிய சுவர். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். அவற்றிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரப் பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பு மையம் நடத்தும் ஒரு சிறு டிரஸ்டில் பதினோரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். இரண்டு வருஷத்தில் நாற்பத்தேழு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினோம். ஐந்து இடத்திலிருந்து பதில் வந்தது. ஓர் இடத்திலிருந்து பணம் வந்தது. அந்தப் பணம் எங்களை என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1. தெரியாததால் கிடைக்கவில்லை என்பது பொய்க் காரணம்.

வெளிநாட்டு நிதியை எடுத்துக்கொள்வோம். நாங்கள் விலை கொடுத்து வாங்கிய பட்டியலில் பாதிக்கு மேல் வெளிநாட்டு அமைப்புகள். அந்தப் பணத்தை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டும். பதிவுக்கு அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று நிதியாண்டில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். எங்கள் டிரஸ்டின் அப்போதைய ஆண்டுச் செலவு இரண்டரை லட்சம். மூன்று வருஷத்தைக் கூட்டினாலும் ஏழரை லட்சம்தான். அறுபது வெளிநாட்டு முகவரிகள் கையில் இருந்து என்ன பயன்? பூட்டிய வீடுகளின் முகவரி அவை.

பதிவு இல்லாவிட்டால் ‘முன் அனுமதி’ கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், ஆனால் இன்னார் இந்த வேலைக்கு இவ்வளவு தருகிறார் என்ற உறுதிக் கடிதம் முதலில் வேண்டும். கடிதம் தர வேண்டியவரோ முதல் கேள்வியாக உங்கள் எஃப்.சி.ஆர்.ஏ. எண் என்ன என்று கேட்கிறார். புதிதாகத் தொடங்கிய அமைப்பு இந்தச் சுற்றிலிருந்து வெளியே வருவது அரிது.

முன்பு வேறொரு வழி இருந்தது. பதிவு பெற்ற பெரிய அமைப்பு பணத்தை வாங்கி, கிராமத்தில் வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும். 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தரக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தங்களைச் செல்லும் என்றது. சின்ன அமைப்புகளுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுதான். எந்தப் பயிற்சியாலும் இதை ஈடுகட்ட முடியாது. இதை மாற்றச் சொல்லிச் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டியவர்களைத் தனித்தனியே உட்கார்ந்து விண்ணப்பம் எழுத வைத்திருப்பதுதான் ‘லிஸ்ட்’ நம்பிக்கை செய்த கேடு.

உள்நாட்டுப் பணத்துக்கும் படிகள் உண்டு. கம்பெனிகளின் அந்த இரண்டு சதவீதப் பணத்தில் நடக்கும் சி.எஸ்.ஆர். வேலையை எடுத்துச் செய்ய 12ஏ, 80ஜி வரிப் பதிவுகள், மூன்றாண்டு அனுபவம், அதன் பிறகு சி.எஸ்.ஆர்.-1 படிவம். அரசு மானியத்துக்கு நிதி ஆயோக்கின் தர்பன் எண். இவை எதுவும் ரகசியமில்லை. எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நமக்குக் குறைவது தகவல் என்று சொல்லிக்கொள்கிறோம். குறைவது ஒழுங்கான கணக்கோடு கடந்த மூன்று வருஷங்கள். அவற்றை யாரும் விலைக்கு விற்பதில்லை.

2. திருச்சியில் கம்பெனிகள் இருப்பதால் திருச்சியில் சி.எஸ்.ஆர். பணம் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

“பெல் இருக்கு, துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு, எச்.ஏ.பி.பி. இருக்கு” என்று விரல் மடக்கிச் சொல்வார்கள். பெல் நிறுவனத்தின் தலைமையகம் டெல்லி. துப்பாக்கித் தொழிற்சாலை 2021 அக்டோபரிலிருந்து கான்பூரைத் தலைமையகமாகக் கொண்ட அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது, எச்.ஏ.பி.பி. என்ற பாதுகாப்புத் தொழிற்சாலை புனேயைத் தலைமையகமாகக் கொண்ட இன்னொன்றின் கீழ். லாபக் கணக்கு அங்கே. இரண்டு சதவீதக் கணக்கும் அங்கே. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 135ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டும் வாசகமே தவிரக் கட்டாயமில்லை என்று கம்பெனி விவகார அமைச்சகமே விளக்கம் தந்துவிட்டது.

துவாக்குடிப் பட்டறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி தொட்டால்தான் ஒரு கம்பெனிக்குச் சட்டம் பொருந்தும். பெல் ஆர்டரை நம்பி வெல்டிங் செய்யும் பட்டறைக்காரர் தன் ஆட்களுக்குச் சம்பளம் போடவே பில் பணத்துக்குக் காத்திருக்கிறார். அவரிடம் போய் சி.எஸ்.ஆர். கேட்டு நின்றவன் நான். அவர் முகத்தைப் பார்த்த பிறகு கோப்பைத் திறக்காமலே திரும்பினேன்.

3. பணம் இருக்கும் பக்கம் வேலையைத் திருப்பினால் வேலை கெட்டுப்போகும்.

முன்னே சொன்ன அந்த ஒரு மானியத்துக்கு வருகிறேன். பட்டியலில் அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் ‘திறன் மேம்பாடு’. நாங்கள் நடத்தியதோ ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரைக்கான மாலைப் படிப்பு. பெண்களுக்குத் தையல் பயிற்சி என்று எழுதினோம். கிடைத்தது. ஆறு தையல் மெஷின்கள் வந்தன. படிப்பு மையம் நடந்த கூடத்தின் பாதியை அவை எடுத்துக்கொண்டன. கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியைதான் வருகைப் பதிவேடு, போட்டோ, மாதாந்தர அறிக்கை எல்லாம் பார்த்தார். பிள்ளைகள் முதலில் திண்ணைக்கு நகர்ந்தார்கள். ஐப்பசி மழையில் திண்ணையும் நனைந்தது. நாற்பது பேரில் பதினைந்து பேர் மிஞ்சினார்கள். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் யூ.சி. என்ற செலவுச் சான்றிதழை அனுப்பினோம், மானியம் நின்றது. இப்போது அந்த ஆறு மெஷின்களும் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன; ஒன்றின் பெல்ட்டை எலி கடித்திருக்கிறது. பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவர இரண்டு வருஷம் ஆயிற்று. பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு வருஷத்தை யார் திருப்பித் தருவது? கொடுத்தவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தவறு எங்களுடையது.

இதே மாவட்டத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 1986இலும் கிராமாலயா 1987இலும் திருச்சியில் தொடங்கின. கழிப்பறை என்ற சொல்லை மேடையில் சொல்லவே தயங்கிய காலம் அது. கிராமாலயா கழிப்பறை, குடிநீர், சுகாதாரம் என்பதைப் பிடித்துக்கொண்டது. திருச்சி கல்மந்தைக் குடியிருப்பும், தொட்டியம் பக்கத்துத் தாண்டவம்பட்டியும் திறந்தவெளியில் மலம் கழிப்பதை விட்ட இடங்களாக 2000களின் தொடக்கத்திலேயே பெயர் பெற்றன. மாநகரின் பொதுக் கழிப்பறைகளை அந்தந்தக் குடியிருப்புப் பெண்களின் குழுக்களே எடுத்து, சிறு கட்டணம் வாங்கி, அந்தக் காசிலேயே சுத்தம் பார்த்தார்கள். ஸ்கோப் முசிறியில் மலத்தையும் சிறுநீரையும் பிரித்து உரமாக்கும் கழிப்பறைகளைக் கட்டியது. பயன்படுத்த வருகிறவர்களுக்கே காசு கொடுத்த பொதுக் கழிப்பறை அங்கேதான் இருந்தது. ஸ்கோப் நிறுவனர் சுப்புராமனுக்கு 2021இலும், கிராமாலயா நிறுவனர் தாமோதரனுக்கு 2022இலும் பத்மஸ்ரீ கிடைத்தது.

“அவர்களுக்கும் வெளிநாட்டுப் பணம் வந்ததே?” வந்தது. வாட்டர்எய்டு போன்ற அமைப்புகள் உதவின. கேட்ஸ் அறக்கட்டளை நிதியோடு 2015இல் தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம் வந்தபோது அது தேர்ந்தெடுத்த நகரங்களில் திருச்சி ஒன்று. அதை நடத்திய கூட்டமைப்பில் கிராமாலயாவும் ஒன்று. ஆனால் வரிசையைப் பாருங்கள். 1987க்கும் 2015க்கும் நடுவே இருபத்தெட்டு வருஷம். அவ்வளவு காலமும் கழிப்பறை வாசலில் நின்றவர்களைத் தேடிக் கழிப்பறைக்கான பணம் வந்தது. அந்த அமைப்புகள் எந்தெந்த நிதியத்திடம் வாங்கின என்று பட்டியல் போட்டுப் பயிற்சியில் காட்டுகிறார்கள். அவை எத்தனை வருஷம் ஒரே வேலையைச் செய்தன என்பதற்கு அந்தக் காகிதத்தில் கட்டமே இல்லை.

4. “நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டு” என்பதுதான் இந்தப் பயிற்சிகளிலேயே கொடுமையான பாடம்.

சட்டமே ஐந்து சதவீதத்துக்கு மேல் விடாது என்கிறார்கள். சட்டத்தைப் படித்துவிட்டுச் சொல்லட்டும். சி.எஸ்.ஆர். விதிகளில் வரும் ஐந்து சதவீத வரம்பு, பணம் தரும் கம்பெனி தன் சொந்த சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செலவிடும் தொகைக்கு. வேலையை எடுத்துச் செய்யும் தொண்டு நிறுவனத்தின் செலவு அந்த வரம்புக்குள் வராது என்று 2021 ஆகஸ்டில் அமைச்சகம் விளக்கியிருக்கிறது. எஃப்.சி.ஆர்.ஏ.வில் நிர்வாகச் செலவு வரம்பை 2020இல் ஐம்பதிலிருந்து இருபது சதவீதமாக வெட்டியது கடுமையானதுதான். ஆனால் அங்கேயும் மருத்துவமனையின் டாக்டர் சம்பளத்தையும் பள்ளியின் ஆசிரியர் சம்பளத்தையும் நிர்வாகச் செலவில் சேர்க்க வேண்டியதில்லை என்று விதி தெளிவாக இருக்கிறது. ஆசிரியர்தானே பள்ளி? இதைக்கூடச் சொல்லித்தராமல், சம்பளம் என்ற சொல்லையே மறைக்கச் சொல்லித்தருகிறார்கள்.

நாங்களும் மறைத்தோம். மாதம் நாலாயிரம் கொடுக்க வேண்டிய இடத்தில் ‘மதிப்பூதியம் 2,500’ என்று எழுதினோம். தையல் மெஷின் வேலையையும் தலையில் கட்டிக்கொண்ட அதே ஆசிரியைக்குத்தான். மாதக் கடைசியில் வவுச்சரில் கையெழுத்துப் போடும்போது அவர் தொகையைப் பார்க்கவே மாட்டார். நேராகக் கீழே போய்ப் பெயரை எழுதிவிட்டு, பேனாவை மூடி என் பக்கம் தள்ளுவார். ஒரு சித்திரையில் என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பின்னக் கணக்கை அவர் அளவுக்குச் சொல்லித்தர இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை.

வேலை செய்கிறவரின் பிழைப்பையும் சேர்த்துத் தானம் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்பட்ட சோழர் காலத்து மனிதர் நெய்க் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகவில்லை. தொண்ணூறு ஆடு அல்லது தொண்ணூற்றாறு ஆடு கொடுத்தார். கல்வெட்டு அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கிறது. மந்தையை மன்றாடி என்ற இடையர் பொறுப்பேற்பார். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பார். கிழடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை குறையாது. மிச்சப் பாலும் குட்டிகளும் அவர் குடும்பத்துக்கு. விளக்கு எரிய வேண்டுமானால் இடையர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது அந்தத் தானத்துக்குள்ளேயே இருந்தது. இந்தக் கணக்கை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர்களில் இருந்துகொண்டு, ஆசிரியையின் சம்பளத்தை வெட்கப்பட்டு மறைக்கிறோம்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே ஆரோக்கியசாலை என்ற மருத்துவமனை இருந்தது. போசள மன்னன் வீரராமநாதன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், கருடவாகன பட்டர் பொறுப்பில் நடந்தது. படையெடுப்பில் சிதைந்தது. அதே கருடவாகன பட்டர் பெயர் தாங்கிய இன்னொருவர் 1493இல் புதுப்பித்தார். தன்வந்திரி சன்னதி இன்றும் அங்கே இருக்கிறது. கட்டடம் விழுந்த பிறகும் அந்த வேலையைப் பரம்பரையாகத் தெரிந்து வைத்திருந்த ஆள் இருந்ததால்தான் அது திரும்ப எழுந்தது என்று நான் நினைக்கிறேன். மானியப் படிவங்களில் கட்டடத்துக்கும் கருவிக்கும் கேட்டால் தருகிறார்கள். ஆளுக்குக் கேட்டால் அடித்துவிடுகிறார்கள். நிதி தருகிறவர்களைப் பார்த்து இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் பணிந்து எழுதிவிட்டு வீட்டுக்குள் புலம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

5. “உள்ளூரில் யார் தருவார்கள்?” இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் உள்ளூரில் யாரையும் கேட்டுப் பார்த்ததில்லை.

கோயிலுக்குத் தருவார்கள், நமக்குத் தர மாட்டார்கள் என்பது வழக்கமான பதில். ஸ்ரீரங்கம் கோயிலில் 2012இலிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பிறந்த நாளுக்கு, அப்பா திதிக்கு என்று நடுத்தரக் குடும்பங்கள் பணம் கட்டுகின்றன. பக்தி ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது: கட்டினால் ரசீது வருகிறது, எந்த நாளுக்கு என்று சொல்கிறார்கள், போனால் பந்தியை நேரில் பார்க்கலாம். இந்த மூன்றையும் நாம் செய்ய யார் தடுத்தது?

தையல் மெஷின் அனுபவத்துக்குப் பிறகு நாங்கள் மாதம் இருநூறு ரூபாய்ச் சந்தா என்று வீடு வீடாகப் போனோம். உத்திர வீதி, சித்திரை வீதி, மேலூர் ரோடு, திருவானைக்காவல். இன்று 63 வீடுகள். மாதம் 12,600 ரூபாய். இரண்டு ஆசிரியர்களுக்கு ஐயாயிரம் ஐயாயிரம். மீதியில் கரண்ட் பில்லும் சுண்டலும். 80ஜி வரிச் சலுகைக்காகத்தான் ஆட்கள் தருவார்கள் என்று ஆலோசகர்கள் சொன்னது பொய்த்துவிட்டது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது; எங்களுக்குத் தருகிறவர்களில் பாதிப் பேர் மாறிவிட்டார்கள்; சந்தா நிற்கவில்லை. ஆனாலும் மே 31க்குள் 10பிடி நன்கொடை அறிக்கையைத் தாக்கல் செய்து ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம், அது கொடுத்தவர் உரிமை.

உத்திர வீதியில் ஒரு மாமி இருநூறையும் ஜிபேயில் அனுப்ப மாட்டார். நேரில் வரச் சொல்லி, நோட்டை நீவிக் கொடுத்துவிட்டு, “போன வருஷம் கணக்குல தடுமாறினாளே, அந்தப் பொண்ணு பாஸ் பண்ணிட்டாளா?” என்று கேட்பார். நாற்பத்தேழு விண்ணப்பங்களுக்கும் சேர்த்து எங்களை யாரும் கேட்காத கேள்வி அது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பக்கம் போட்டு மதிப்பெண் எழுதி வைக்க ஆரம்பித்தோம். எந்த நிதியம் கேட்டாலும் காட்டக்கூடிய மூன்று வருஷத்துப் பதிவேடு அப்படித்தான் உருவானது.

உள்ளூர்ப் பணத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. 1997-98இல் தொடங்கி, இடையில் பெயர் மாறி, 2021இல் மீண்டும் வந்த ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதியை அரசு போடுகிறது. பள்ளிச் சுவரோ, நூலகமோ, குளமோ, ஊர்ப் பங்கைத் திரட்டத் தெரிந்தவர்களுக்கே அந்தக் கதவு திறக்கும். பட்டியல்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. இதில் கமிஷன் கிடையாது.

அப்படியானால் மானியமே தேடக் கூடாதா என்று கேட்பார்கள். தேடலாம், தேட வேண்டும். 63 வீடுகளை வைத்து அறுநூறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியாது. ஆனால் கணக்கு மூன்று வருஷம் ஒழுங்காக முடிந்திருக்க வேண்டும். எந்த வேலையை எக்காரணம் கொண்டும் விடமாட்டோம் என்று டிரஸ்டிகள் தீர்மானம் எழுதியிருக்க வேண்டும். அதன் பிறகு, டெல்லிக்கு மின்னஞ்சல் அனுப்பும் முன், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் எட்டும் தூரத்தில் இருக்கும் கதவுகளைத் தட்ட வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் சமூக நலத்துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் என்னென்ன திட்டங்களுக்குத் தொண்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொள்கின்றன என்று நேரில் கேட்கலாம். சுய உதவிக் குழுவோடும் விவசாயிகளோடும் வேலை செய்கிறவர்களுக்கு நபார்டின் மாவட்ட வளர்ச்சி மேலாளர் இருக்கிறார். தொழிற்சாலைகளில் மனிதவளப் பிரிவில் இருப்பவர்களிடம் ப்ரபோசலை நீட்டுவதற்கு முன்பு, ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு வந்து பிள்ளைகளோடு உட்காரச் சொல்லலாம். முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டாலும், “நான் பார்த்திருக்கிறேன்” என்று இங்கிருந்து ஒருவர் எழுதும் குறிப்புக்கு மதிப்பு உண்டு.

எங்கள் டிரஸ்டின் அடுத்த விண்ணப்பம் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போகிறது. ஒன்றரைப் பக்கம். இரண்டு ஆசிரியர்களுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம், மாதம் பத்தாயிரம் வீதம், முதல் வரியிலேயே எழுதியிருக்கிறோம்.